ஒரு பிராந்தியம் படுத்தாலும் பாடம் திறக்க வேண்டும்: கிளவுட் சேமிப்பை இரண்டு இடங்களில் வைப்பதற்கான முழு வழிகாட்டி

உயர் தரப் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தபோது, காலை ஐந்தரை மணிக்குப் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு ரீச்சர் போன் எடுத்தார். "தம்பி, பக்கம் வருது, வினாத்தாள் ஒண்டும் திறக்குதில்லை. பிள்ளையள் என்னைக் கேட்டுக்கொண்டு நிக்குதுகள்."

நாங்கள் மூன்று பேர் கிளிநொச்சியிலிருந்து ஒரு பாடத் தளம் நடத்துகிறோம். கடந்தகால வினாத்தாள்கள், விடைகள், ஒலிப் பாடங்கள் என்று மொத்தம் 40 ஜிபி அளவில் இருக்கும். ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில், அப்பா வேலைக்குப் போகுமுன் அவருடைய போனில் அன்றைய பாடத்தை இறக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளைகள்தான் எங்களுக்கு அதிகம். அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு மணித்தியாலம் மட்டும். அன்றைக்கு எங்கள் சேவையகம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கோப்புகள் இருந்த பிராந்தியத்தில் (கிளவுட் நிறுவனம் ஒரு பகுதியில் வைத்திருக்கும் தரவு மையக் கூட்டம்) சேமிப்பு சேவை பதில் தரவில்லை, மதியம் தாண்டியும் தரவில்லை. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. எங்களிடம் பிரதி இருந்தது, அலுமாரிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்கில். அதை வேறு இடத்தில் ஏற்றலாம் என்று கணக்குப் பார்த்தோம்: எங்கள் இணைப்பில் ஏற்றும் வேகம் விநாடிக்கு 4 மெகாபிட், 40 ஜிபி என்றால் கிட்டத்தட்ட 22 மணித்தியாலம்.

அதற்குப் பிறகு நாங்கள் கட்டி, வேண்டுமென்றே உடைத்துப் பார்த்து, திருத்திய அமைப்பைத்தான் கீழே எழுதுகிறேன். உதாரணங்களுக்கு அமேசானின் எஸ்3 (கோப்புச் சேமிப்பு), கிளவுட்ஃப்ரண்ட் (கோப்பின் பிரதியைப் பயனருக்கு அருகில் வைத்துக் கொடுக்கும் சிடிஎன் சேவை) சொற்களை எடுத்திருக்கிறேன், ஏனென்றால் பலருக்கும் பழக்கமானவை அவைதான். வேறு சேவை வைத்திருப்பவர்களுக்கும் யோசனை ஒன்றுதான்: சேமிப்பு படுத்த அந்த நேரத்தில் யாரும் நித்திரையால் எழும்பி எதையும் மாற்ற வேண்டிய தேவை இருக்கக்கூடாது. எல்லா முடிவையும் முன்கூட்டியே எடுத்து அமைப்புக்குள் வைத்துவிட வேண்டும்.

1. எது உடையும் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

எஸ்3 தன் கோப்புகளின் நிலைப்பு 99.999999999 வீதம் என்று சொல்கிறது, பதினொரு ஒன்பதுகள். இதைப் பார்த்துவிட்டுப் பலர் "பிறகென்ன" என்று விட்டுவிடுகிறார்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த எண் கோப்பு அழியாது என்பதைப் பற்றியது. கேட்ட நேரத்தில் கிடைக்குமா என்பது வேறு கணக்கு, அதற்கு எஸ்3யின் சாதாரண வகுப்பு வைத்திருக்கும் வடிவமைப்பு இலக்கு 99.99 வீதம். அதுகூட இலக்குத்தான்.

2017 பெப்ரவரி 28 அன்று வட வர்ஜீனியா பிராந்தியத்தில் நடந்ததைப் பாருங்கள். எஸ்3யின் கட்டணக் கணக்கு அமைப்பு மெதுவாக ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த அமேசான் ஊழியர் ஒருவர், சில சேவையகங்களை நீக்கும் கட்டளை ஒன்றைக் கொடுத்தார். உள்ளீட்டில் ஒரு பிழை, நினைத்ததைவிட அதிகமானவை நீங்கிவிட்டன. அதில் எஸ்3யின் அட்டவணைப் பகுதியும், புதிய கோப்புக்கு இடம் ஒதுக்கும் பகுதியும் அடிபட்டு, இரண்டையும் முழுதாக மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. கோப்பு எதுவும் அழியவில்லை, எடுக்கத்தான் முடியவில்லை. அமேசானின் நிலைமை காட்டும் பலகையும் எஸ்3யில் தங்கியிருந்ததால் அதைக்கூடக் கொஞ்ச நேரம் மாற்ற முடியாமல் போனது.

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது வேறு வகை. அங்கே ஒரு கட்டடம் முழுதாகவே போய்விட்டது, பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

மூன்றாவது வகைதான் கண்ணில் படுவது கடினம்: சேமிப்பு பாதி வேலை செய்யும், பத்துக் கோரிக்கையில் மூன்று தொங்கும், கண்காணிப்புக் கருவி பச்சை காட்டும். இந்த மூன்றுக்கும் தனித்தனியே மருந்து வேண்டும். எட்டாமல் போவதற்கும் பாதி வேலை செய்வதற்கும் இரண்டாவது பிராந்தியமும் சரியான நேர வரம்புகளும், அழிந்துபோவதற்கு வேறு கணக்கில் ஒரு பிரதி.

2. ஒரு பக்கம் திறக்க என்னென்ன தேவை என்று எழுதுங்கள்

தாளை எடுத்துக்கொண்டு உலாவியின் நெட்வொர்க் பலகையைத் திறந்து, ஒரு பாடப் பக்கம் வருவதற்கு எந்தெந்த முகவரிகள் தொடப்படுகின்றன என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். எங்கள் பட்டியலில் நாங்கள் மறந்தே போயிருந்த எழுத்துரு ஒன்றும், உள்நுழைவுப் பக்கத்தின் படம் ஒன்றும் இருந்தன. அந்தப் படம் வராவிட்டால் உள்நுழைவுப் பொத்தான் காட்டப்படாது. அதாவது வினாத்தாளை ஐந்து இடத்தில் வைத்திருந்தாலும் பிள்ளைக்கு உள்ளே வர வழியில்லை.

அப்புறம் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். ஒருமுறை வெளியிட்டால் மாறாதவை (பிடிஎஃப், ஒலி, படம்), அடிக்கடி மாறுபவை (பாடப் பட்டியல், அறிவித்தல்), பயனர் அனுப்புபவை (மாணவர் ஏற்றும் விடைத்தாள்). முதல் வகையைக் காப்பாற்றுவது மிக எளிது. மூன்றாவது கடினம், அதற்குச் சின்னத் தளங்கள் பெரிய கட்டமைப்புப் போடத் தேவையில்லை என்பது என் கருத்து. போனிலேயே வரிசையில் வைத்திருந்து, ஏற்ற முடியாவிட்டால் பிறகு மறுபடி முயலும்படி எழுதினால் போதும்.

3. கோப்பின் மேல் கோப்பு எழுதாதீர்கள்

இது சேமிப்பைப் பற்றிய படியாகவே தெரியாது, ஆனால் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. "இரசாயனவியல்-2019.பிடிஎஃப்" என்ற கோப்பில் ஒரு பிழை கண்டால் அதே பெயரில் திருத்தியதை ஏற்றுவது எல்லோருக்கும் பழக்கம். இரண்டு பிராந்தியம் வந்ததும் அந்தப் பழக்கம் கடிக்கும். ஒன்றில் புதியது, மற்றதில் பழையது, நடுவில் கேஷில் (சிடிஎன் வைத்திருக்கும் தற்காலிகப் பிரதியில்) இன்னொன்று, எந்தப் பிள்ளை எந்த விடையைப் பார்த்தது என்று உங்களுக்கே தெரியாது.

ஆகவே உள்ளடக்கத்தின் எஸ்எச்ஏ-256 கையொப்பத்தின் (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும், அது மாறினால் தானும் மாறும் எழுத்துத் தொடர்) முதல் சில எழுத்துகளைப் பெயருக்குள் சேருங்கள். திருத்தினால் பெயர் மாறும், பழையது அப்படியே கிடக்கும். இனி ஒரு கோப்பு ஒரு பிராந்தியத்தில் இருக்கும் அல்லது இல்லாமல் இருக்கும், தவறாக இருக்காது.

வெளியிடும் ஒழுங்கும் முக்கியம். முதலில் கோப்புகளை ஏற்றுங்கள், இரண்டாவது பிராந்தியத்துக்கு அவை போய்ச் சேர்ந்துவிட்டனவா என்று பாருங்கள், அதன் பிறகுதான் பாடப் பட்டியலை மாற்றுங்கள். எங்கள் வெளியீட்டு ஸ்கிரிப்ட் இரண்டு பக்கெட்டிலும் (எஸ்3யில் கோப்புகளை வைக்கும் கொள்கலன்) கேட்டுப் பார்த்து இரண்டும் ஆம் என்றால் மட்டும் பட்டியலைத் தொடும். சில நிமிடம் தாமதம்தான், பரவாயில்லை.

4. இரண்டாவது பிராந்தியம்

இலங்கையில் அமேசானுக்குப் பிராந்தியம் இல்லை. எங்களுக்கு அருகில் இருப்பவை மும்பையும் சிங்கப்பூரும், 2022 இறுதியிலிருந்து ஹைதராபாத்தும். முதன்மை மும்பை, துணை சிங்கப்பூர் என்று எடுத்தோம், இரண்டும் வேறு நாடு. ஒரே பிராந்தியத்துக்குள் மூன்று வலயங்களில் (தனித்தனித் தரவு மையங்களில்) பிரதி இருப்பதை இதற்குப் பதிலாக நினைக்காதீர்கள். 2017 இல் படுத்தது அந்தப் பிராந்தியத்தின் பொதுவான அட்டவணைப் பகுதி, வலயங்கள் எத்தனை இருந்தும் உதவவில்லை.

செலவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இந்தப் பிராந்தியங்களில் சேமிப்பு ஒரு ஜிபிக்கு மாதம் ஏறத்தாழ 0.025 டொலர், ஆக எங்கள் 40 ஜிபியின் இரண்டாவது பிரதிக்கு மாதம் ஒரு டொலர். முதல் தடவை கொண்டுபோகச் சில டொலர் தனி. இதைச் செய்யாமல் இருந்ததற்கு எங்களிடம் காரணமே இருக்கவில்லை.

செய்யும் முறை இது. இரண்டு பக்கெட்டிலும் பதிப்புகளை வைத்திருக்கும் வெர்ஷனிங் வசதியை இயக்குங்கள், அது இல்லாமல் பிராந்தியங்களுக்கிடையிலான ரெப்ளிகேஷன் (தானாகப் பிரதியெடுத்தல்) ஓடாது. பிறகு மும்பையிலிருந்து சிங்கப்பூருக்கு விதி எழுதுங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழும் இடம்: விதி எழுதிய பிறகு ஏற்றும் கோப்புகள் மட்டுமே தானாகப் போகும். ஏற்கெனவே இருப்பவை அங்கேயே இருக்கும், அவற்றுக்கு பேட்ச் ரெப்ளிகேஷன் என்ற தனி வேலையை ஒருமுறை ஓட்ட வேண்டும். எங்கள் முதல் முயற்சியில் சிங்கப்பூரில் அந்த வாரத்துக் கோப்புகள் மட்டும் இருந்ததைப் பார்த்து நெஞ்சு பக்கென்றது.

கோப்பு போகும், பக்கெட்டின் அமைப்புகள் போகாது. கோர்ஸ் விதிகள் (வேறு தளத்தின் பக்கம் கோப்பைக் கேட்கலாமா என்பவை), அணுகல் கொள்கை, பழையவற்றை அகற்றும் விதிகள் எல்லாவற்றையும் இரண்டாவது பக்கெட்டில் தனியாக எழுத வேண்டும். கேஎம்எஸ் (அமேசானின் சாவி மேலாண்மைச் சேவை) சாவியால் குறியாக்கம் செய்திருந்தால், சாதாரண சாவி அதன் பிராந்தியத்துக்குள்ளேதான் வாழும். சிங்கப்பூரில் ஒரு சாவி வைத்து, விதியில் அதைக் குறிப்பிட்டு, அதைத் திறக்கும் உரிமையைச் சிடிஎன்னுக்கும் கொடுங்கள். எவரும் படிக்கலாம் என்ற வினாத்தாளுக்குத் தனிச் சாவி தேவையே இல்லை, எஸ்3யின் இயல்பான குறியாக்கம் போதும், ஒரு சிக்கல் குறையும்.

ரெப்ளிகேஷன் உடனடியாக நடப்பதில்லை. பெரும்பாலும் சில விநாடிகள், சில நேரம் மிகவும் பிந்தும். 15 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் அதற்கான கட்டுப்பாட்டு வசதியைக் காசு கொடுத்து இயக்கலாம். மூன்றாம் படியின் ஒழுங்கைப் பின்பற்றினால் எங்களைப் போன்ற தளத்துக்கு அது வேண்டாம்.

இன்னொன்று. ரெப்ளிகேஷனைக் காப்புப் பிரதி என்று நினைக்க வேண்டாம். தவறான கோப்பை ஏற்றினால் அதுவும் விசுவாசமாகச் சிங்கப்பூர் போகும். விதைநெல்லில் ஒரு மூட்டையைத் தம்பி வீட்டில் வைப்பது போல, மூன்றாவது பிரதி ஒன்று வேறு நிறுவனத்தில், வேறு கணக்கில், வேறு கடவுச்சொல்லோடு இருக்கட்டும். கணக்கு முடக்கப்பட்டால், வங்கி அட்டை மறுக்கப்பட்டால் பிராந்தியம் எத்தனை இருந்தும் பயனில்லை. 2022 இல் டொலர் இல்லாமல் இருந்த மாதங்களில் வெளிநாட்டுக் கட்டணம் கட்டுவது எவ்வளவு பாடு என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும்.

மைக்ரோசாஃப்டின் அஷூரில் இதே வேலைக்கு ஆர்ஏ-ஜிஆர்எஸ் வகையைத் தெரிவு செய்ய வேண்டும். வெறும் ஜிஆர்எஸ் எடுத்தால் துணைப் பிராந்தியத்திலிருந்து சாதாரண நாளில் உங்களால் படிக்க முடியாது. கூகிளில் இரட்டைப் பிராந்திய பக்கெட் இருக்கிறது, அது இந்த வேலையில் பெரும்பகுதியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

5. சிடிஎன் தானாகவே மாற வேண்டும்

கிளவுட்ஃப்ரண்டில் இரண்டு பக்கெட்டையும் இரண்டு ஒரிஜினாக, அதாவது சிடிஎன் கோப்பை எடுக்கும் மூலமாகச் சேர்த்து, அவற்றை ஒரு ஒரிஜின் குழுவாக்கி, மும்பையை முதலாவதாக வையுங்கள். எந்தப் பிழை எண் வந்தால் சிங்கப்பூருக்குப் போக வேண்டும் என்று கேட்கும். சேவையகக் கோளாறைக் காட்டும் 500, 502, 503, 504 நான்கும் கட்டாயம்.

403ஐப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். பக்கெட்டைப் பட்டியலிடும் உரிமை இல்லாதவர் இல்லாத கோப்பைக் கேட்டால் எஸ்3 404 (கோப்பு இல்லை) சொல்லாது, 403 (அனுமதி இல்லை) சொல்லும். அதனால் தவறான இணைப்பும், உண்மையில் கொள்கை உடைந்திருப்பதும் ஒரே முகமாகத் தெரியும். நாங்கள் சிடிஎன்னுக்குப் பட்டியல் உரிமையைக் கொடுத்து, இல்லாத கோப்புக்கு 404 வரும்படி செய்துவிட்டு, 403ஐ மாறும் எண்களில் சேர்த்தோம். இப்படிச் செய்தால் தளத்தின் முதல் பக்கத்துக்கான இயல்புக் கோப்பை மறக்காமல் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் வெறும் முகவரியை அடிப்பவருக்கு பக்கெட்டின் பட்டியலே தெரியும்.

அடுத்தது நேரம். இயல்பாக ஒவ்வொரு இணைப்பு முயற்சிக்கும் 10 விநாடி, மூன்று முயற்சி, ஆக 30 விநாடி காத்திருந்த பிறகுதான் மற்றப் பக்கம் திரும்பும். வெள்ளைத் திரையை 30 விநாடி பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை எங்கே இருக்கிறது? 3 விநாடி, 2 முயற்சி என்று குறையுங்கள். இணைப்பு கிடைத்தும் பதில் வராமல் தொங்குவதற்குத் தனி வரம்பு இருக்கிறது, இயல்பு 30 விநாடி, அதையும் அனுமதிக்கும் அளவுக்குக் குறையுங்கள். அந்த "பாதி வேலை செய்யும்" வகைக்கு இதுதான் மருந்து.

இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த மாற்றம் படிக்கும் கோரிக்கைகளுக்கு மட்டும்தான், ஏற்றும் கோரிக்கைகள் மாறாது. மேலும் சிடிஎன் "மும்பை படுத்துவிட்டது" என்று நினைவில் வைத்துக்கொள்வதில்லை, கேஷில் இல்லாத ஒவ்வொரு கோரிக்கைக்கும் முதலில் மும்பையைத் தட்டிப் பார்த்த பிறகே சிங்கப்பூருக்குப் போகும். நேர வரம்பை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று இப்போது புரியும்.

6. கேஷ் தலைப்புகள்

கோப்போடு சேர்ந்து போகும் கேஷ் குறிப்புகள்தான் (ஹெடர்) இவை. கையொப்பம் உள்ள கோப்புகளுக்கு மேக்ஸ்-ஏஜ் (பிரதியை வைத்திருக்கக்கூடிய காலம்) ஒரு வருடம், இம்மியூட்டபிள் (மாறாதது). பாடப் பட்டியலுக்கு மேக்ஸ்-ஏஜ் 60 விநாடி, அதோடு ஸ்டேல்-இஃப்-எரர் ஒரு நாள். மூலம் பிழை கொடுத்தால் பழைய பிரதியையே கொடு என்று இதற்குப் பொருள். 2010 இல் வெளியான ஆர்எஃப்சி 5861 என்ற இணைய நெறி ஆவணத்தில் இருக்கும் விஷயம், கிளவுட்ஃப்ரண்ட் 2023 இலிருந்து மதிக்கிறது. நேற்றைய பட்டியல் இன்றைக்கு வந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை, வெறும் பக்கம் வந்தால் நட்டம். ஆனால் கேஷை நம்பி இரண்டாவது பக்கெட்டை விட்டுவிடாதீர்கள். அரிதாகக் கேட்கப்படும் கோப்பு சிடிஎன்னின் விளிம்புச் சேவையகத்திலிருந்து எப்போதும் நீக்கப்படலாம், நாடகமும் அரங்கியலும் பாட வினாத்தாளை அந்த வாரம் ஒரே ஒரு பிள்ளைதான் கேட்டிருக்கும்.

7. அன்றைக்கு எதையும் மாற்றும் திட்டம் வேண்டாம்

"படுத்தால் டிஎன்எஸ்ஸை மாற்றிவிடுவோம்" என்பது பலரின் திட்டம், அதாவது தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போகும் என்ற பதிவை. கிளவுட்ஃப்ரண்டின் அமைப்பை மாற்றுவதும், அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53 இல் பதிவை மாற்றுவதும் வட வர்ஜீனியாவில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியை நம்பியவை. ஏற்கெனவே இருக்கும் அமைப்பு உலகம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், புதிதாக மாற்றுவதுதான் சிக்கும். 2025 ஒக்டோபர் 20 அன்று அதே பிராந்தியத்தில் அமேசானின் தரவுத்தளச் சேவையான டைனமோடிபியின் டிஎன்எஸ் பதிவு வெறுமையாகிப் போய், அதை நம்பியிருந்த எத்தனையோ சேவைகள் மணிக்கணக்கில் தடுமாறின. அப்படியொரு நாளில் அமைப்பை மாற்றப் போய் நிற்க வேண்டாம்.

நிலைமையை அறிவிக்கும் பக்கத்தை முற்றிலும் வேறு நிறுவனத்தில், ஒரே ஒரு எளிய கோப்பாக வையுங்கள். ரீச்சர்மாரின் வாட்ஸ்அப் குழுவும் அந்த வேலையைச் செய்யும்.

8. கடைசி மைல் எங்கள் ஊரில்தான் இருக்கிறது

மும்பையும் சிங்கப்பூரும் நன்றாக இருந்தும் பிள்ளைக்குப் பாடம் போகாத நாட்கள் வன்னியில் உண்டு. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் இருந்தன. அப்படியான நேரத்தில் உதவுவது கையில் இருக்கும் பிரதி மட்டும்தான்.

தளத்தில் சர்வீஸ் வேர்க்கர் (உலாவிக்குள் பின்னணியில் ஓடும் சிறு நிரல்) ஒன்றை எழுதி, கடைசியாகப் பார்த்த பாடப் பட்டியலையும் பிள்ளை தெரிவு செய்த பாடங்களையும் போனிலேயே வைக்கச் செய்யுங்கள். அதற்குக் கோப்புப் பெயரில் கையொப்பம் இருப்பது பெரும் உதவி, மாறியதை மட்டும் இறக்கினால் போதும், டேட்டா மிச்சம். இதற்கு மேலாக மாதம் ஒருமுறை பாடவாரியாக ஒரு ஜிப் கோப்புக் கட்டி, பென் டிரைவில் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் கொடுக்கிறோம். உள்ளே கையொப்பப் பட்டியலும் இருக்கும், எந்தக் கோப்பு பழுதானது என்று கண்டுபிடிக்கலாம்.

9. வேண்டுமென்றே உடையுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, மும்பை பக்கெட்டின் கொள்கையில் சிடிஎன்னுக்குப் படிக்கும் உரிமையை மறுக்கும் ஒரு வரி சேர்க்கிறோம். சிடிஎன்னுக்கு மட்டும் என்று எழுதுங்கள், எல்லோருக்கும் என்று எழுதினால் நீங்களே வெளியில் நிற்க வேண்டி வரும். 403ஐ மாறும் எண்ணாகச் சேர்த்திருப்பதால் இந்தச் சோதனை வேலை செய்யும். கேஷில் இருக்கும் கோப்பைத் திறந்து "ஆ, வருது" என்று ஏமாறாதீர்கள். முகவரியின் பின்னால் கேள்விக்குறி போட்டு ஏதாவது எழுதுவதும், கேஷ் கொள்கை அதைக் கணக்கில் எடுக்காவிட்டால், பயன் தராது. அன்றைக்கென்றே புதுச் சோதனைக் கோப்புகள் சிலவற்றை இரண்டு பக்கமும் ஏற்றிவிட்டு அவற்றைக் கேளுங்கள்.

இந்தச் சோதனையில் மறுப்பு உடனே வந்துவிடும், தொங்குவதை இது காட்டாது. அதற்குக் கிளவுட்ஃப்ரண்டில் சோதனைக்கென ஒரு விநியோகத்தை (தனி அமைப்பை) உருவாக்கி, முதல் ஒரிஜினாகப் பதில் தராத முகவரி ஒன்றைக் கொடுத்து, எத்தனை விநாடியில் கோப்பு வருகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள், அலுவலகத்து ஃபைபரில் இருந்து இல்லை, சாதாரண போனில் இருந்து.

சோதனைகளுக்கு இடைப்பட்ட நாட்களுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்: தினமும் பட்டியலிலிருந்து இருபது கோப்புகளை ஏதேச்சையாகத் தெரிந்தெடுத்து, சிங்கப்பூரிலிருந்து நேரடியாக இறக்கி, எஸ்எச்ஏ-256ஐ ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் எங்கள் மூவருக்கும் செய்தி அனுப்பும். ஈடேக்கை (எஸ்3 ஒவ்வொரு கோப்புக்கும் தரும் அடையாளம்) ஒப்பிட வேண்டாம், பகுதி பகுதியாக ஏற்றிய பெரிய கோப்புகளுக்கு அது உள்ளடக்கத்தின் எம்டி5 கையொப்பமாக இருக்காது.

மும்பை திரும்பி வந்ததும் படிக்கும் பக்கம் தானாகவே சரியாகும், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வெளியீட்டை மட்டும் தேங்கியிருக்கும் ரெப்ளிகேஷன் எண்ணிக்கை பூச்சியம் ஆகும்வரை நிறுத்தி வையுங்கள். இடைநேரத்தில் அவசரத்துக்குச் சிங்கப்பூரில் நேரடியாக எதையாவது ஏற்றியிருந்தால் அதைக் கையால் மும்பைக்குக் கொண்டுவாருங்கள், எதிர்த்திசை விதி எழுதாவிட்டால் அது தானாக வராது.

கடைசிச் சோதனையை மாங்குளத்தில் ஒரு மரத்தடியில் இருந்து, நான்கில் இரண்டு கோடு சிக்னலோடு, அம்மாவின் பழைய போனில் செய்தேன். தொங்கும் முகவரியோடு முதல் கோப்பு வர எட்டு விநாடி எடுத்தது. அதை ஐந்தாகக் குறைக்க முடியுமா என்றுதான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.